நீர் குடிக்காத துவாலை

நம் இல்லத்தின் கொல்லைப்புறத்தில், கிணற்றடியை ஒட்டி, ஒரு கருங்கல் கிடக்கிறது. மூன்று தலைமுறைப் பெண்கள் அதன்மீது துணி அடித்துத் துவைத்தமையால் நடுவே குழிந்துபோயிருக்கிறது. மழை பெய்தால் அக்குழியில் சிறிது நீர் தங்கும். காகம் வந்து குடித்துவிட்டுப் போகும். அதைத் தவிர இன்று அக்கல்லுக்கு வேறு வேலை இல்லை.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையூர்களின் கிணற்று நீர் எத்தகையது என்பதை அவ்வூர்களில் வாழ்ந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. உவர்ப்பு. சவுக்காரத்தை எத்துணை தேய்த்தாலும் நுரை எழாது; எழுந்ததும் திரிதிரியாய்த் துணியில் ஒட்டிக்கொள்ளும். அந்நீரில் அலசிக் கடற்காற்றில் காயவைத்த தேங்காய்ப்பூத் துவாலை, பொரித்த அப்பளம் போல் விறைத்து நிற்கும். உம்மா அதனைக் கொடியிலிருந்து எடுத்து, இரு கைகளாலும் பற்றி, 'பட், பட்' என்று நாலு முறை உதறுவார்கள். அதன்பின் மடிப்பார்கள். நம் சிறு வயதில் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் கொல்லையிலிருந்து கேட்கும் ஓசை அது. அவ்வாறு உதறுவது தூசி போவதற்காக என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

சலவை இயந்திரம் நம் இல்லத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வளைகுடாவில் பணிபுரியும் மகன் விடுப்பில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனார். இயந்திரத்தோடு சலவைத்தூள் வந்தது. சலவைத்தூளோடு, எவ்வாறென்று அறியோம், ஒரு நீலநிறப் போத்தலும் வந்து சேர்ந்தது. துணியை மென்மையாக்கும் திரவம். கண்டிஷனர் என்று கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள். கடைசி அலசலின்போது ஒரு மூடி ஊற்றினால் போதும், துணி பஞ்சுபோல் ஆகும், பல நாள் மணக்கும் என்றார்கள். மணந்தது உண்மை. ஜும்ஆவுக்கு உடுத்திச் சென்ற கைலியின் வாசம் நம்மை முந்திக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தது.

அக்காலத்தில்தான் உம்மா படுக்கையில் விழுந்தார்கள். எண்பத்து நான்கு வயது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் நடக்க இயலவில்லை. அவர்களைக் குளிப்பாட்டித் துடைத்து, உடை மாற்றி, தொழுகைக்கு ஒளுச் செய்து வைப்பதற்கு நம் தெருவின் கடைசியில் வாழும் ஒரு கைம்பெண்ணை ஏற்பாடு செய்தோம். வறுமைப்பட்டவர், ஆயினும் கை சுத்தமானவர், உம்மாவிடம் வாஞ்சை உள்ளவர். உம்மா சில நாட்களில் நம்மையே யாரென்று கேட்பார்கள். அவரை மட்டும் காலடியோசையைக் கொண்டே அறிந்து அழைப்பார்கள்.

மருமகள் உம்மாவின் துவாலைகளுக்குத் தனிக் கவனம் எடுத்துக்கொண்டார். "மாமா, அவங்க தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கு. இந்தத் துண்டு முள்ளாக் குத்தும்" என்று சொல்லி, மற்றத் துணிகளுக்கு ஒரு மூடி ஊற்றினால் உம்மாவின் துணிகளுக்கு இரண்டு மூடி ஊற்றினார். அந்தச் சொல்லில் பிழை காண முடியாது. நாமும் அத்துவாலையைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தோம். பூனைக்குட்டியின் வயிறு போலிருந்தது. உம்மாவின் முதுமைக்கு இத்தகைய மென்மை கிடைத்ததே என்று மகிழ்ந்தோம்.

இரண்டு மாதம் சென்றிருக்கும். உம்மாவின் அக்குளிலும், மார்பின் கீழும், தொடையிடுக்கிலும் தோல் சிவந்தது. பிறகு வெந்தாற்போல் உரிந்தது. இரவில் அவர்கள் அனத்தும் ஓசை கூடம் வரை கேட்டது. கடையில் கிடைத்த களிம்பைத் தடவினோம், மாவைத் தூவினோம், ஒன்றும் கேட்கவில்லை. நம் துணைவியார் ஒரு நாள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மடிப்புகளில் ஈரம் அப்படியே இருக்கிறது, சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கிறாள் என்றார். அது கண்கூடாக இருந்தது. ஈரம் இருந்தது, துடைப்பவர் ஒருவர்தாம், ஆகவே குற்றமும் அவருடையது. வழக்கு அவ்வளவு எளிதாக முடிந்தது.

அவரை அழைத்துக் கேட்டோம். கேட்டோம் என்று எழுதுவது மரியாதை, உண்மையில் ஏசினோம். அவர் தலை கவிழ்ந்து நின்றார். "காக்கா, ஒரு நாளும் நான் ஈரத்தோட விட்டதில்லே. துடைச்சுத் துடைச்சுப் பார்க்கிறேன், துண்டு இழுக்க மாட்டேங்குது" என்றார். துண்டு இழுக்கவில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி நம் நாவின் நுனியில் வந்து நின்றது, அதையும் சொல்லிவிட்டோம். மறுநாள் முதல் வரவேண்டாம் என்றோம். மாதத்தில் எஞ்சிய நாட்களுக்கும் சேர்த்துக் கூலி கொடுத்ததனால் நீதியாக நடந்துகொண்டோம் என்ற நிறைவும் நமக்கு இருந்தது.

அதன்பின் துணைவியாரும் மருமகளுமே உம்மாவைக் குளிப்பாட்டினார்கள். புண் ஆறவில்லை.

தோல் மருத்துவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவந்தோம். அவர் புண்ணைப் பார்த்த நேரத்தைவிடக் கட்டிலைச் சுற்றியிருந்தவற்றைப் பார்த்த நேரம் அதிகம். தலையணை உறையை எடுத்து முகர்ந்தார். துவாலையை எடுத்து இரு விரல்களால் தேய்த்தார். "இதை எதில் அலசுகிறீர்கள்?" என்று வினவினார். மருமகள் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். மடிப்புகளில் தங்கிய ஈரத்தால் தோல் ஊறிப்போய்ப் பூஞ்சை பற்றியிருக்கிறது, வாசனைப் பொருள் அதனை மேலும் எரிச்சலூட்டியிருக்கலாம், பூஞ்சைக்கு மருந்து எழுதித் தருகிறேன், ஆனால் அந்தப் போத்தலை முதலில் நிறுத்துங்கள் என்று சொல்லிச் சென்றார்.

அன்று மாலை நாமே ஒரு சோதனை செய்தோம். அலமாரியின் அடித்தட்டில், இயந்திரம் வருவதற்கு முன்னரே மடித்து வைத்த பழைய ஈரிழைத் துண்டு ஒன்று கிடந்தது. அதனையும் உம்மாவின் பூந்துவாலையையும் திண்ணையில் அருகருகே விரித்து, குவளையிலிருந்து விரலால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டோம். பழந்துண்டில் விழுந்த துளி விழுந்த கணமே மறைந்தது. பூந்துவாலையில் விழுந்த துளி, தாமரையிலை மேல் நிற்பதுபோல் உருண்டு நின்றது. துவாலையைச் சாய்த்தோம், துளி உருண்டு ஓடியது. துணைவியார் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் பேசவில்லை. துண்டு இழுக்க மாட்டேங்குது என்ற அந்த ஏழைப் பெண்ணின் சொல் மூவர் செவியிலும் ஒலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இஃது எங்ஙனம் நிகழ்கிறது என்பதை அதன்பின் தேடிப் படித்தோம். படித்ததை நம் இல்லத்தரசியர் அறிந்துகொள்வது நலம் என்பதனால் சற்று விரித்தே எழுதுகிறோம்.

பருத்தி இழை நீரில் நனையும்போது அதன் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொள்கிறது. இத்திரவத்தின் முதன்மைப் பொருளோ நேர்மின் தன்மை உடையது. குவாட்டர்னரி அம்மோனியம் என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தலையும் இரண்டு கொழுப்பு வால்களும் கொண்டது எனலாம். தலை இழையைப் பற்றிக்கொள்ளும். வால்கள் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். இழை தோறும் இவ்வாறு மெல்லிய கொழுப்புப் போர்வை படிந்தபின், ஓரிழை மற்றோரிழைமேல் வழுக்குகிறது. அந்த வழுக்கலைத்தான் நம் விரல்கள் மென்மை என்று உணர்கின்றன. கொழுப்பின்மேல் நீர் ஒட்டாது என்பதை மீன் பொரித்த சட்டியைக் கழுவிய எவரும் அறிவர். துவாலையின் பணியே நீரை உறிஞ்சுவது. அதன்மேல் நீரை விலக்கும் பொருளைப் பூசிவிட்டுத் துடைத்துக்கொள்ளச் சொன்னால் அது என்ன செய்யும்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சலவைத்தூள் துணியிலுள்ள அழுக்கோடு தானும் நீரில் வெளியேறிவிட வேண்டிய பொருள். இத்திரவமோ துணியிலேயே தங்குவதற்கென்று செய்யப்பட்டது. தங்காவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று பொருள். அதனால்தான் கடைசி அலசலில் ஊற்றச் சொல்கிறார்கள். தூளோடு சேர்த்து ஊற்றினால் எதிர்மின் பொருளும் நேர்மின் பொருளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இரண்டும் பயனற்றுப் போகும். அளவோடு ஊற்றினால் ஒரு சலவையில் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஒவ்வொரு சலவையிலும் ஒரு படலம் முந்திய படலத்தின்மேல் ஏறுகிறது. துவாலை மேலும் மேலும் மென்மையாகிறது. மேலும் மேலும் பயனற்றதாகிறது. ஒருவேளை மருமகள் ஒரு மூடியோடு நிறுத்தியிருந்தால் தீமை இத்துணை விரைவில் வெளிப்பட்டிராது. அப்போது நாம் காரணத்தை இன்னும் காலம் தாழ்த்தியே கண்டிருப்போம்.

சரி, காய்ந்த துணி ஏன் விறைக்கிறது? நீரிலுள்ள உப்புகளும் சவுக்காரத்தின் எச்சமும் ஒரு காரணம் என்பதை நம் ஊர்க் கிணறே சொல்லும். அதற்கும் அப்பால் ஒரு காரணத்தை ஜப்பானில் காவோ நிறுவனத்தாரும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். துணி உலர்ந்துவிட்டது என்று நாம் எண்ணும்போதும், பருத்தியிழையின் மேற்பரப்பில் மிகமிகச் சிறிதளவு நீர் பிணைந்து நிற்கிறது. அது பசைபோல் இயங்கி இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டவைக்கிறது என்பது அவர்கள் கண்டது. காவோ நிறுவனம் சலவைப் பொருள் செய்யும் நிறுவனம் என்பதும் நினைவிலிருக்கட்டும். ஆயினும் கண்டது கண்டதே. இதைப் படித்தபோது நமக்கு உம்மாவின் 'பட், பட்' ஓசை நினைவுக்கு வந்தது. அவர்கள் தூசியை உதறவில்லை. இழைகளுக்கிடையே இருந்த ஒட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காசு செலவின்றி, ஒரு துளி கொழுப்பின்றி.

துவாலைக்கு மட்டுமா கேடு? குழந்தைகளுக்குக் கட்டும் துணிக்கும் இதே கதைதான். உறிஞ்சாத துணியைக் குழந்தைக்குக் கட்டிப் பயனில்லை. வியர்வையை வெளியேற்றுவதற்கென்று நெய்த விளையாட்டுச் சட்டைகள், துடைப்பதற்கான மைக்ரோஃபைபர் துணிகள் ஆகியவற்றுக்கு இத்திரவம் ஆகாது என்று அவற்றின் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். நாம் அச்சீட்டுகளைக் கத்தரித்து எறிவதோடு சரி. இயந்திரத்தின் உட்புறத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திரவம் ஊற்றும் அறையில் விரலை விட்டால் வழவழவென்று ஒரு பசை, அதன்மேல் கரும்புள்ளிகள். பூஞ்சைதான். மணத்துக்காக ஊற்றியது ஓராண்டில் நாற்றத்துக்கு வித்தாகிவிட்டது.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேங்காய்ப்பூத் துவாலை, வெல்வெட், கம்பளிபோல் மயிர் எழுப்பிய துணி ஆகியவற்றில் இழைகள் நிமிர்ந்து நிற்பதனால் இடையே காற்று நிறைந்திருக்கும். இத்திரவம் இழைகளை மேலும் புசுபுசுவென்று எழுப்புகிறது. அவற்றின்மேல் எரியக்கூடிய கொழுப்பையும் பூசுகிறது. அத்தகைய துணியில் நெருப்புப் பொறி பட்டால் சுடர் விரைந்து பரவும். அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைகளுக்குத் தீத்தடுப்பு விதிகள் 1970களிலிருந்து நடைமுறையில் உள்ளன. அவ்வுடைகளுக்கு இத்திரவத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கை அந்நாட்டுப் போத்தல்களில் காணப்படும். நம் பெண்களோ முக்காட்டுத் துணி தோளில் தொங்க அடுப்படியில் நிற்பவர்கள். சட்டியை இறக்கக் கைப்பிடித் துணியாக எடுப்பதும் பெரும்பாலும் பழைய துவாலையைத்தான்.

வாசனைக்கு நாம் பகைவர் அல்லோம். அத்தர் இல்லாத பெருநாள் உண்டா? ஆனால் அத்தர் பூசுவோர் தம் விருப்பப்படி, தம் மணிக்கட்டில், ஒரு துளி பூசுகிறார்கள். ஒவ்வாதவர் விலகி நிற்கலாம். துணியில் ஏறிய வாசனையோ பாலகன் முதல் படுக்கையிலிருக்கும் முதியோர் வரை எவர் இசைவையும் கேளாமல் இரவும் பகலும் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. பல நாள் மணக்கிறதே, அதன் மர்மம் என்னவென்றால், வாசனை எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்களில் அடைத்து விடுகிறார்கள். துணி உரசும்போது குமிழ் உடைந்து மணக்கிறது. இக்குமிழ்களின் ஓடு பெரும்பாலும் ஒருவகைப் பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் நுண்பிளாஸ்டிக்குகளைப் பொருள்களில் வேண்டுமென்றே சேர்ப்பதற்குத் தடை விதித்தபோது, இவ்வாசனைக் குமிழ்களுக்கு 2029 வரை தவணை கொடுத்தது. அதற்கும் முன்னர், 1990களின் தொடக்கத்தில், அக்காலத்துத் திரவங்களின் முதன்மைப் பொருள் ஆற்றுநீரில் எளிதில் சிதையாமல் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கு செய்கிறது என்று கண்டு, ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் அதனைக் கைவிட்டு எளிதில் சிதையும் வேறொரு வகைக்கு மாறினார்கள். நம் கழிவுநீர் போய்ச் சேருமிடம் கடல். அக்கடலில்தான் நம் ஊரார் வலை வீசுகிறார்கள்.

இன்னொன்றும் நம் வாசகர்களுக்கு உரியது. மேலே கொழுப்பு வால்கள் என்றோமே, அக்கொழுப்பு எங்கிருந்து வருகிறது? நெடுங்காலம் அது மாட்டுக் கொழுப்பாகவே இருந்தது. இன்று பனையெண்ணெயிலிருந்தும் செய்கிறார்கள். இன்றும் மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்யப்படுவதும் உண்டு. நம் வீட்டுப் போத்தலில் இது எது என்று எழுதியிருக்கவில்லை. வேதிவினையால் முற்றிலும் மாறிய பொருளின் சட்டம் யாது என்பது ஆலிம்கள் சொல்ல வேண்டியது. நாம் அதில் நாவை நீட்டவில்லை. உண்ணும் பொருளின் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கும் நாம், உடுத்தித் தொழும் துணியில் தங்குவது எதுவென்று கேட்டதே இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

இனி, நம் இல்லத்தில் செய்ததைக் கூறிவிடுகிறோம். உம்மாவின் துவாலைகளைக் கொதிநீரில் சலவைச் சோடா கலந்து ஊறவைத்துத் துவைத்தோம். முதல் நாள் நீரின்மேல் ஏடு படர்ந்தது. நான்கு சலவைக்குப் பின்னரே துளி நீர் உள்ளிறங்கத் தொடங்கியது. சலவைத்தூளின் அளவைப் பாதியாகக் குறைத்தோம். நம் உவர்நீரில் தூள் மிகுந்தால் எச்சமும் மிகும். இன்னொரு முறை நல்ல நீரில் அலசுகிறோம். நிழலும் காற்றும் உள்ள இடத்தில் காயவைக்கிறோம்; பிறகு உதறுகிறோம். காடி, அதாவது வினிகர், கடைசி அலசலில் சிறிது சேர்த்தால் எச்சம் போகும் என்பார்கள். எப்போதேனும் செய்யலாம், நாள்தோறும் ஊற்றினால் இயந்திரத்தின் இரப்பர்ப் பாகங்களுக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரோடு மட்டும் அதனைக் கலந்துவிடக் கூடாது. நச்சுக் காற்று எழும்.

மருந்தும் உலர்ந்த தோலுமாக மூன்று வாரத்தில் உம்மாவின் புண் ஆறியது. இரவில் அனத்தல் நின்றது. ஆனால் காலையில் காலடியோசை கேட்கும்போதெல்லாம் தலையைத் திருப்பி, வந்தது அவரல்லர் என்று கண்டு, மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, நேரே தெருக்கோடிக்கு நடந்தோம். எத்தனையோ மேடைகளில் பேசிய நமக்கு அந்த ஓலைத் தடுக்கின் முன் நின்று என்ன சொல்வதென்று தெரியவில்லை. துண்டைப் பற்றி நீ சொன்னது உண்மை, நாம் சொன்னது தவறு, மன்னித்துவிடு என்று ஒருவாறு சொல்லி முடித்தோம். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "உம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு, காக்கா?" என்று கேட்டார். தாம் இப்போது வேறொரு வீட்டில் முழுநாளும் வேலை செய்வதாகவும், அந்த வீட்டாரை விட்டுவிட்டு வர முடியாது என்றும், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வந்து உம்மாவைக் குளிப்பாட்டித் தருவதாகவும் சொன்னார். கூலி பேச நாம் வாய் திறந்தோம். அவர் அதற்குள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

அடுத்த வெள்ளி வந்தார். உம்மா அவரைக் காலடியோசையிலேயே அறிந்துகொண்டார்கள். மருமகள் துவைத்து உதறிய துவாலையைக் கொண்டுபோய் நீட்டினார். அவர் அதனை வாங்கி, ஒரு முனையை வாளி நீரில் தோய்த்து, ஈரம் மேலே ஏறுகிறதா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.